ரத்தத்தில் ஈயம் 42. "50 வரைக்கும் பரவாயில்லை" என்கிறார்கள், நம்பலாமா?

பிளேட்மேசை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பேட்டரி தொழிற்சாலையில் ஈயப் பிளேட் அடுக்கும் பிரிவில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். பாசிட்டிவ் பிளேட் ஒன்று, நடுவில் செபரேட்டர் என்ற தடுப்புத் தாள் ஒன்று, நெகட்டிவ் பிளேட் ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டாகக் கொடுக்க வேண்டும். போன மாதம் பிரிவில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டைக் கையில் தரவில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டபோது, "உனக்கு 42தான், 50 வரைக்கும் பரவாயில்லை" என்று வாயால் சொன்னார், அவ்வளவுதான்.

எனக்கு நாலைந்து மாதமாக வயிறு முறுக்கிப் பிடிக்கிறது. மலச்சிக்கல். ராத்திரி தூக்கம் சரியாக வருவதில்லை, காலையில் எழும்போதே அலுப்பாக இருக்கிறது. சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வருகிறது என்று என் மனைவி சொல்கிறாள். இதெல்லாம் ஷிப்ட் மாறி மாறிப் போவதால் வருவதா, ஈயத்தால் வருவதா என்று புரியவில்லை.

இன்னொன்று. 50ஐத் தாண்டியவர்களுக்கு ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள், அதைச் சாப்பிட்டால் எண் இறங்கிவிடும், அதே வேலையைத் தொடரலாம் என்கிறார்கள். அடுத்த முறை எனக்கும் தருவார்களாம். வாங்கிக்கொள்ளலாமா?

என் மனைவிக்கு இது ஐந்தாவது மாதம். என் வேலைத் துணியையும் அவள்தான் துவைக்கிறாள். இதை எழுதும்போதே பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேஸ்கட்டர் எழுதியது:

நான் பேட்டரி ஆள் இல்லை, பழைய இரும்புக் கட்டமைப்புகளைக் கேஸ் வைத்து வெட்டுகிறவன். ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். என் முதல் ரிப்போர்ட்டில் 2.1 என்று இருந்தது. கூட வேலை செய்தவருக்கு 38. நமக்கு ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவருடையது ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்துக்கு மைக்ரோகிராம் கணக்கு, என்னுடையது ஒரு லிட்டர் ரத்தத்துக்கு மைக்ரோமோல் கணக்கு. என் கணக்கில் ஒன்று என்பது அவர் கணக்கில் கிட்டத்தட்ட 20.7. என் 2.1ஐ அவர் கணக்கில் போட்டால் 43க்கு மேல்! எண்ணோடு அலகையும் கேட்டு வாங்குங்கள்.

பழைய அடுக்காளர் எழுதியது:

தம்பி, நீங்கள் நிற்கும் அதே மேசையில் 14 வருடம் நின்றிருக்கிறேன். அதற்கு முன் பேஸ்டிங்கில், அதாவது பிளேட்டுக்கு ஈயப் பசை பூசும் பிரிவில், 5 வருடம். ஓய்வு பெற்று 6 வருடம் ஆகிறது. நான் டாக்டர் இல்லை. பட்டதையும், பட்ட பிறகு தேடிப் படித்ததையும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 50. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று உங்கள் சூப்பர்வைசருக்கே தெரியுமோ என்னவோ. 1978ல் அமெரிக்காவில் தொழிற்சாலைகளுக்கு ஒரு ஈய விதி போட்டார்கள். ஒரே பரிசோதனையில் 60 வந்தாலும், தொடர்ந்து எடுத்ததில் சராசரி 50 வந்தாலும் அந்தத் தொழிலாளியை ஈயம் உள்ள இடத்திலிருந்து வெளியே எடுத்தே ஆகவேண்டும். 40க்குக் கீழே இறங்கிய பிறகுதான் திரும்ப அனுப்பலாம். வெளியே இருக்கும் காலத்தில் 18 மாதம் வரை சம்பளத்தைக் குறைக்கக்கூடாது. ஆக 50 என்பது "இனி ஒரு நாள்கூட அங்கே நிற்காதே" என்று சொல்ல வைத்த எண். அது எப்படியோ வாய் மாறி, "அதுவரைக்கும் நில்லு" என்று ஆகிவிட்டது. அந்த விதிப்படி பார்த்தாலே, வெளியே போன ஒருவர் 42ஓடு உங்கள் மேசைக்குத் திரும்பி வர முடியாது.

அதுவும் பழைய கதை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ரத்த ஈயத்தின் உச்ச வரம்பு 70 ஆக இருந்தது. 2024ல் அதை 15க்கு இறக்கிவிட்டார்கள், 2028 முடியும் வரை மட்டும் 30. கலிபோர்னியாவில் 2025 முதல் ஒரே பரிசோதனையில் 30 வந்தாலே ஆளை மாற்ற வேண்டும். ரத்த அழுத்தம் ஏறுவதும் சிறுநீரகம் தளருவதும் 10க்குக் கீழேயே தொடங்கிவிடுகிறது என்று தெரிந்த பிறகு வந்த மாற்றங்கள் இவை. இவ்வளவு வரைக்கும் ஆபத்து இல்லை என்று ஈயத்துக்கு ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன எண் வைத்திருந்தாலும், உடம்புக்கு எல்லா ஊரிலும் ஒரே கணக்குதான்.

அடுத்தது வயிறு. நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பழையபடி வயிற்றைப் பிடித்ததுபோல் இருந்தது. எனக்கு அந்த வலி வந்தால் முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். வயிற்றை அழுத்தினால் கொஞ்சம் இதமாக இருக்கும். மூன்று டாக்டர்களிடம் போனேன். அல்சர் என்றார் ஒருவர். வாயு என்றார் இன்னொருவர். கடைசியில் வலி தாங்காமல் அவசரப் பிரிவுக்குப் போனபோது குடல்வால் என்று முடிவு செய்து ஆபரேஷனுக்குத் தயார் செய்துவிட்டார்கள்.

அங்கே பணியில் இருந்த ஓர் இளம் பெண் டாக்டர் மட்டும், "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். "கம்பெனி வேலைம்மா" என்றேன். போகவில்லை அவர். "கம்பெனியில் கையால் எதைத் தொடுகிறீர்கள்?" என்றார். பிளேட், அதில் ஈயப் பசை என்று சொன்னேன். உடனே என் கீழுதட்டை இழுத்து ஈறைப் பார்த்தார். பல்லுக்கு ஒட்டினாற்போல் மெல்லிய நீலக்கோடு ஓடியிருந்தது. தினமும் கண்ணாடியில் பல் துலக்குகிறவன் நான், ஒருநாளும் கவனித்ததில்லை. ரத்தம் எடுத்தார்கள், 61. ஆபரேஷன் நின்றது. (எல்லாருக்கும் அந்தக் கோடு விழாது தம்பி. இல்லை என்பதால் ஈயம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.)

இத்தாலியில் ரமஸ்ஸினி என்று ஒரு மருத்துவர் இருந்தார். தொழிலாளிகளுக்கு வரும் நோய்களைப் பற்றி 1700ல் புத்தகமே எழுதியவர். ஈயப் பூச்சு வேலை செய்யும் குயவர்களுக்குக் கை நடுங்கி விழுந்துபோவதையெல்லாம் பார்த்து எழுதியிருக்கிறார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு "என்ன தொழில்?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று மற்ற மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர்தான். 300 வருடத்துக்குப் பிறகும் மூன்று டாக்டர்கள் அதைக் கேட்காமல் என்னை அனுப்பினார்கள். அதனால் அவர்கள் கேட்பார்கள் என்று காத்திருக்காமல் உட்கார்ந்ததும் நீங்களே சொல்லிவிடுங்கள். "நான் ஈயத்தில் வேலை பார்க்கிறேன், என் ரத்தத்தில் 42 இருக்கிறது." பிறகு வயிற்றைப் பற்றிச் சொல்லலாம்.

சரி, இது உடம்புக்குள் எப்படிப் போகிறது? எட்டு வருடம் நானும் தப்பாகத்தான் நினைத்திருந்தேன். உலைப் பக்கம் நிற்பவர்கள்தான் பாவம், நம் பிரிவில் புகையே இல்லையே என்று. பிளேட்டின் ஓரம் சமமாக வருவதற்கு அடுக்கிய கட்டைத் தூக்கி மேசையில் இரண்டு தட்டு தட்டுவோம் இல்லையா? ஒருநாள் ராத்திரி ஷிப்ட் முடியும் நேரம், சரக்கு ஏற்றுவதற்காகப் பெரிய கதவைத் திறந்தார்கள். காலை வெயில் சாய்வாக மேசைமேல் விழுந்தது. எதிரில் நின்றவர் கட்டைத் தட்டினார். அவர் நெஞ்சுயரத்துக்கு ஒரு மேகம் எழும்பியது. கீழே இறங்கவே இல்லை, அப்படியே மிதந்து அவர் முகத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. நான் தட்டினேன், எனக்கும் அதே. வெயில் நகர்ந்ததும் ஒன்றையும் காணோம். காற்று சுத்தமாக இருப்பதுபோலவே தெரிந்தது. அந்தக் காட்சியை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அந்தத் தூசிக்குத் துணி மாஸ்க் எதற்கும் உதவாது. பி100 அல்லது பி3 வடிகட்டி மாட்டிய, முகத்தோடு ஒட்டிப் பிடிக்கும் ரப்பர் மாஸ்க் வேண்டும். வடிகட்டி இரண்டையும் உள்ளங்கையால் மூடி மூச்சை இழுத்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை என்றால் காற்று ஓரத்தால் புகுகிறது என்று அர்த்தம். தாடி இருந்தால் ஒருபோதும் ஒட்டாது. ஆனால் மாஸ்க்கைவிடப் பெரியது மேசைக்குக் கீழே இழுப்பு விசிறி. அதைக் கேட்டுப் போராடுங்கள், எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். அப்புறம் தரையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்குவதும், உடம்பிலுள்ள தூசியைக் காற்றுக் குழாயால் ஊதிக்கொள்வதும் உடனே நிற்க வேண்டும். ஊதினால் தூசி எங்கேயும் போய்விடாது, எல்லார் மூக்குக்கும் பங்கு போகும்.

இன்னொரு வழி கை. நகத்துக்கு அடியில் கறுப்பாகப் பிறை மாதிரி இருக்குமே, அது அழுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கையோடுதான் தண்ணீர் பாட்டிலைத் திறப்போம், மூக்கைத் துடைப்போம், பையிலிருந்து போனை எடுத்துப் பார்ப்போம். போனை மேசைப் பக்கம் கொண்டே போகாதீர்கள். சாப்பிடுவதற்கு முன் நகத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், முகத்தையும் கழுவுங்கள். வெறும் வயிற்றோடு ஷிப்டுக்குப் போகாதீர்கள், காலி வயிற்றில் ஈயம் பல மடங்கு அதிகமாக ஏறும். பால் குடித்தால் முறிந்துவிடும் என்று எங்கள் பிரிவில் ஒரு நம்பிக்கை இருந்தது. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைவாக இருந்தால் குடல் ஈயத்தை அதிகமாக இழுக்கும் என்பது உண்மை, அதனால் நன்றாகச் சாப்பிட வேண்டும். ஆனால் மூச்சில் போகிற தூசியைப் பால் என்ன செய்யும்?

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம். அதே மேசையில் நின்றுகொண்டு ஒருநாளும் வாங்காதீர்கள். ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து அது, விஷம் மிக ஏறிப்போனவர்களுக்கு டாக்டர் கண்காணிப்பில் கொடுப்பது. தூசிக்கு நடுவில் நின்றுகொண்டு சாப்பிட்டால் குடலிலுள்ள ஈயத்தை இன்னும் உள்ளே இழுத்துவிடக்கூடும். உடம்புக்கு வேண்டிய தாதுக்களும் சேர்ந்து போகும். எண்ணைக் குறைத்துக் காட்டி வேலை வாங்குவதற்காகக் கொடுப்பதை அந்த 1978 விதியே தடை செய்திருக்கிறது. ரத்தத்தில் இருப்பது ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும், ஆனால் உடம்பிலுள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் இருக்கிறது. மாத்திரை நின்றதும் எலும்பிலிருந்து மறுபடி ரத்தத்துக்கு வரும். என் கதையைக் கேளுங்கள். 61ல் பிரிவு மாற்றினார்கள். நாலு மாதத்தில் 44. ஒரு வருடத்தில் 33. அதற்குப் பிறகு நத்தை வேகம்தான். ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் போன பரிசோதனையில் 12.

கடைசியாக எழுதினாலும் இதுதான் முக்கியம். எனக்கு 61 என்று தெரிந்ததும் அந்தப் பெண் டாக்டர் கேட்ட அடுத்த கேள்வி, "வீட்டில் குழந்தை இருக்கிறதா?" என் மகளுக்கு அப்போது நாலு வயது. நான் வாசலில் வந்து நின்றதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். தூக்கினால் என் சட்டைக் காலரை வாயில் வைத்துக்கொள்வது அவள் பழக்கம். அழகாக இருக்கிறது என்று விட்டிருந்தோம். அவள் ரத்தத்தில் 14. குழந்தைகளுக்கு 3.5 வந்தாலே வீட்டில் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்க்கச் சொல்கிறார்கள். அவள் எந்தத் தொழிற்சாலைக்கும் போகவில்லை தம்பி. நான்தான் சட்டையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். தெரியாமல் செய்தேன். தெரிந்திருந்தால் ஒரு நாள்கூடச் செய்திருக்க மாட்டேன். அதற்காகத்தான் இத்தனை நீளம் எழுதுகிறேன்.

நாளை முதல் உங்கள் மனைவி அந்தத் துணியைத் தொடக்கூடாது. தொழிற்சாலையிலேயே துவைக்கச் சொல்லிக் கேளுங்கள், அது அவர்கள் பொறுப்பு. அங்கேயே குளித்து, வேறு துணி, வேறு செருப்பு மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். ஈயம் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். அதனால் அவருக்கும் ரத்த ஈயப் பரிசோதனை எடுக்க வேண்டும், பேறுகால டாக்டரிடம் இதே வாரம் சொல்லுங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. இப்போது தெரிந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். அது உங்கள் ரத்தம்.

ஆய்வகக்காரி எழுதியது:

அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன், நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். விரலில் குத்தி எடுத்த ரத்தமா, கை மடிப்பில் நரம்பிலிருந்து எடுத்ததா என்று கேளுங்கள். விரல் தோலில் ஒட்டியிருக்கும் தூசி கலந்துவிட்டால் எண் பொய்யாக ஏறும். வேலைத் துணியோடு வராமல், குளித்துவிட்டு, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, நரம்பிலிருந்து கொடுப்பதுதான் நம்பகமானது. ஆனால் வயிற்று வலி, மலச்சிக்கலோடு 42 என்றால், "தூசி கலந்திருக்கும்" என்று யாராவது தள்ளிவிட இடம் கொடுக்காதீர்கள். திரும்ப எடுத்துப் பாருங்கள்.

கூடவே ஹீமோகுளோபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஜிங்க் புரோட்டோபார்ஃபிரின் என்று ஒரு சோதனை உண்டு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்பதால், கடந்த மூன்று நாலு மாதமாக ஈயம் ரத்த உற்பத்தியை எப்படித் தொந்தரவு செய்தது என்பதை அது காட்டும். மாத்திரை கொடுத்து ரத்த எண்ணை மட்டும் இறக்கியிருந்தாலும் இது அவ்வளவு சீக்கிரம் இறங்காது. முடியை வெட்டி அனுப்பச் சொல்லும் சோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பிளேட்மேசை எழுதியது:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. அண்ணா, உங்கள் மகள் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. காலையிலேயே துணியைத் தனிப் பையில் கட்டி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டேன்.

நேற்று நாங்கள் ஆறு பேர் சேர்ந்து போய் ரிப்போர்ட் கேட்டோம். தனியாகப் போயிருந்தால் தந்திருக்க மாட்டார்கள். எழுதிக் கொடுங்கள் என்றார்கள், எழுதிக் கொடுத்தோம், சாயங்காலம் நகல் வந்தது. அதில் என் பெயருக்கு எதிரே மூன்று எண் இருந்தது. சேர்ந்த வருடம் 11. அதற்கு அடுத்து 27. இப்போது 42. முதல் இரண்டையும் எனக்கு யாரும் சொன்னதே இல்லை. மைக்ரோகிராம் கணக்குதான், நரம்பிலிருந்துதான் எடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மனைவியை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். எனக்கும் வெளியில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போகிறேன். பிரிவு மாற்றிக் கேட்டால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்றுதான் கவலை.

கேஸ்கட்டர் எழுதியது:

ஆறு பேராகப் போனது நல்ல வேலை. நடுவில் என் சந்தேகம் ஒன்று. பழைய பெயின்ட் அடித்த இரும்பைக் கேஸில் வெட்டும்போது மாஸ்க் மட்டும் போட்டால் போதுமா?

பழைய அடுக்காளர் எழுதியது:

கேஸ்கட்டர் தம்பி, போதாது. பழைய பெயின்டில் ஈயம் இருந்தால் சுடர் பட்டதும் அது புகையாகிவிடும், தூசியைவிட நுண்ணியது. வெட்டுகிற கோட்டின் இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குப் பெயின்டை முதலில் எடுத்துவிட வேண்டும், அதையும் காய்ச்சிச் சுரண்டாமல் ரசாயனப் பசை போட்டோ, உறிஞ்சும் கருவியோடு சேர்ந்த அரவையாலோ எடுக்க வேண்டும். உங்கள் 2.1 கதையைத் தனியாக எழுதுங்கள், நிறையப் பேருக்கு உதவும்.

பிளேட்மேசை தம்பி, 11, 27, 42. அந்த மூன்றையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். ஒற்றை 42ஐப் பார்த்து "கொஞ்சம் அதிகம்தான்" என்று சொல்லக்கூடியவர்கூட இந்த ஏற்றத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார். ஈயத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்று அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். "எனக்குப் பிரிவு மாற்றுங்கள்" என்று நீங்கள் கேட்பது வேறு, டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் போய் நிற்பது வேறு. ஒரு நகல் உங்களிடம், ஒரு நகல் சங்கத்திடம். சங்கம் இல்லை என்றால் கூட வந்த அந்த ஐந்து பேரிடமும் ஒவ்வொன்று. அவர்கள் எண்களையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்கும் ஏறியிருந்தால் கோளாறு மேசையில் இருக்கிறது, உங்கள் கைகழுவும் பழக்கத்தில் இல்லை என்று யாராலும் மறுக்க முடியாது.

துணிப்பை வாசலில் இருக்கட்டும். உதறாதீர்கள். வீட்டுத் தரையை ஈரத்துணியால் நீங்களே துடையுங்கள், தலையணை உறையை மாற்றுங்கள், வண்டி சீட்டையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். நான் மறந்தது அந்த சீட்டைத்தான். மகள் அதில்தான் தூங்கிக்கொண்டு வருவாள்.

அவள் எண் இரண்டு வருடத்தில் 4க்கு இறங்கியது. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை உங்கள் மனைவியின் ரிப்போர்ட் வந்ததும் எண்ணை மட்டும் இங்கே போடுங்கள். எந்த நேரமானாலும் பார்ப்பேன்.